ஏற்பதா, தழுவுவதா? (பட்டிமன்றத்தில் தழுவும் அணியின் உரை)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வரவேற்புரையிலேயே பாதி நேரம் போய்விட்டதால் பொன்னாடைகளை இங்கிருந்தே போர்த்திவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் ஒரு சமயத்தையோ கொள்கையையோ தனதாக்கிக்கொள்வதைச் சொல்ல ஏற்ற வினை 'ஏற்றல்'தானா, 'தழுவுதல்'தானா என்பது தலைப்பு. நாங்கள் தழுவுகிற கட்சி. எதிரணித் தலைவர் எழுந்ததும் ஒரே போடு போட்டார்: "விளையாட்டுப் பக்கத்தைத் திறந்தால் 'அணி தோல்வியைத் தழுவியது.' இரங்கல் பக்கத்தைத் திறந்தால் 'மரணத்தைத் தழுவினார்.' தோல்வியையும் சாவையும் கட்டிப்பிடிக்கிற சொல்லையா கொள்கைக்குக் கொடுப்பது?" நீங்களும் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் ஒரு விசில்கூடக் கேட்டது.

ஐயா, 'வெற்றியைத் தழுவியது' என்று எந்தப் பத்திரிகையாவது எழுதுகிறதா? வெற்றியைப் பெறுவோம், ஈட்டுவோம், வாகை சூடுவோம். சூடியதை ராத்திரி கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். தோல்வியைக் கழற்ற முடியுமா? குளித்தாலும் போகாது. சாவு? ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு செத்தவன் உண்டா? முழு ஆளும் உள்ளே போகிற காரியத்துக்குத்தான் தமிழ் இந்தச் சொல்லைத் தரும். மாட்டின் மேல் பாய்ந்து திமிலைப் பிடித்துத் தொங்குவதற்கு என்ன பெயர்? ஏறு தழுவுதல். எதிரணி சொல்லைப் போட்டுப் பாருங்கள், 'ஏறு ஏற்றல்'. லாரியில் மாடு ஏற்றுகிற மாதிரி இல்லை?

அவர்கள் சொல்லின் குடும்பத்தைப் பாருங்கள். மனுவை ஏற்பது, ராஜினாமாவை ஏற்பது, பதவி ஏற்பது. மனசே இல்லாதவனும் "தீர்ப்பை ஏற்கிறேன்" என்று சொல்லிவிட்டு மேல்முறையீட்டுக்கு வக்கீல் பார்ப்பான். ஔவையாரே 'ஏற்பது இகழ்ச்சி' என்று சொல்லிவிட்டார். அது பிச்சை ஏற்பதைச் சொன்னது என்று எதிரணியில் முணுமுணுப்பு கேட்கிறது. தெரியும் ஐயா. பட்டிமன்றத்தில் அதையெல்லாம் பார்த்தால் பிழைக்க முடியுமா?

ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். அரசாங்கம் கோப்பில் எழுதுகிற கல்விக் கொள்கை, தொழில் கொள்கைக்கு ஏற்றல்தான் சரி. 'தொழில் கொள்கையை மாநிலம் தழுவியது' என்றால் கேட்கவே கூச்சமாக இருக்கும். விரதமும் உணவுமுறையும் கடைப்பிடிப்பவை. சமயம், நெறி என்று வந்தால் தழுவுதல். எழுதும்போது உருபில்தான் கால் வழுக்கும். 'பௌத்தத்திற்கு மாறினார்' என்று எழுதிப் பழகிய கை, தழுவினாருக்கும் 'கு' போட்டுவிடும். கூடாது. 'பௌத்தத்தைத் தழுவினார்', அல்லது உருபை மறைத்து 'பௌத்தம் தழுவினார்'. மாறுவதற்குப் புறப்பட்ட இடமும் போய்ச்சேர்ந்த இடமும் வேண்டும், பஸ் மாறுவதுபோல. தழுவலில் இடைவெளியே கிடையாது.

இலக்கணம் போதும், காஞ்சிபுரம் போவோம்.

கம்பை ஆற்றங்கரையில் உமையம்மை மணலைப் பிடித்து லிங்கமாக்கிப் பூசை செய்கிறாள். சிவனுக்குச் சோதித்துப் பார்க்கிற புத்தி. ஆற்றில் வெள்ளத்தை விடுகிறார். மணல் லிங்கம், எதிரே பெருவெள்ளம். அம்மை என்ன செய்தாள்? எதிரணியின் ஊராக இருந்தால், 'வெள்ளம் வந்தது ஏற்கப்பட்டது' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டிருப்பாள். லிங்கம் இந்நேரம் வங்கக்கடலில் இருக்கும். அவள் இரண்டு கையாலும் சேர்த்து அணைத்தாள். எப்படி அணைத்தாள்? இறுக்கி அணைத்தாள். எவ்வளவு இறுக்கம்? வளையல் பதிகிற இறுக்கம். வெள்ளம் வடிந்தது. பார்த்தால் லிங்கத்தின் மேல் வளைத் தழும்பு, முலைத் தழும்பு. ஏகாம்பரநாதருக்கு அன்றிலிருந்து ஒரு பெயர், தழுவக் குழைந்த நாதர். இன்றும் அந்த மூலவருக்கு நீர் அபிஷேகம் இல்லை, மணல் கரையும் என்பதால். புனுகு சாத்துவார்கள், அபிஷேகம் லிங்கத்தின் பீடமான ஆவுடையாருக்கு.

கவனியுங்கள், தழுவியது அவள். குழைந்தது யார்? அவர்! தழுவியவர்தான் மாறுவார் என்று நினைக்கிறோம், தழுவப்பட்டதும் மாறியது. ஏற்றலில் இது நடக்குமா? மனுவை ஏற்றால் மனு குழையுமா? முத்திரை மை வேண்டுமானால் ஒட்டும்.

இது புராணம் என்பீர்கள். சரி, 1935 அக்டோபர் 13. நாசிக் பக்கத்து இயோலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாக மாட்டேன் என்றார் அம்பேத்கர். அன்று அவர் முடிவைத்தான் எடுத்தார். எந்த நெறி என்று சொல்லவில்லை. படித்தார், எடைபோட்டார், 21 ஆண்டுகள் ஓடின. 1956 அக்டோபர் 14, நாக்பூர். முதிய பிக்கு ஒருவர் முன் புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளிடம் சரணம் சொல்லி, ஐந்து சீலங்களையும், அதாவது பௌத்தரின் ஐந்து ஒழுக்க விதிகளையும், எடுத்துக்கொண்டார். பிறகு திரும்பி நின்று, லட்சக்கணக்கான தன் மக்களுக்குத் தானே 22 உறுதிமொழிகளைச் சொல்லிக்கொடுத்தார். பௌத்தத்தின் பழைய ஏடுகளில் அந்த 22 கிடையாது. தழுவியவரின் கைத்தழும்பு அது, தழுவப்பட்டதன் மேல் பதிந்தது.

அப்போது அவருக்கு வயது 65. நீரிழிவு உடம்பை உருக்கியிருந்தது. டிசம்பர் 6-ஆம் தேதி டெல்லியில் தூக்கத்திலேயே போய்விட்டார். மறுநாள் பம்பாய் தாதர் கடற்கரையில் பௌத்த முறைப்படி எரியூட்டினார்கள். 21 ஆண்டுகள் காத்திருந்தவருக்கு அந்த நெறியோடு கிடைத்தது 53 நாள்.

எதிரணித் தலைவரே, மரணத்தைத் தழுவினார் என்று எழுதுவதைச் சொல்லிச் சிரித்தீர்களே. அந்த மனிதரைப் பற்றி எழுதுகிறவன் 'தழுவினார்' என்று இரண்டு முறை எழுத வேண்டியிருக்கிறது ஐயா, 53 நாள் இடைவெளியில்.

மணி அடித்துவிட்டது. வணக்கம்.