பெயரும் பள்ளி வயதும்: கருவுற்ற தாய்மார்களின் இரண்டு கவலைகள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற என்னிடம், குழந்தையைப் பள்ளியில் சேர்க்கப் போகும் பெற்றோரைவிட, இன்னும் குழந்தை பிறக்காத பெண்களே இப்போது மிகுதியாக ஐயம் கேட்கிறார்கள். வளைகாப்பு வீடுகளில், இரண்டு கைகளிலும் வளையல் நிறைய உட்கார்ந்திருக்கும் பெண் என்னை அருகில் அழைத்துக் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தாம். "எந்த எழுத்தில் பெயர் வைப்பது டீச்சர்?" என்பது ஒன்று. "ஆகஸ்ட் முதல் வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் வீணாகிவிடுமா?" என்பது மற்றொன்று. பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை, ஏனென்றால் இரண்டு கேள்விகளும் கடைசியில் பள்ளிச் சேர்க்கை மேசைக்கு வந்து சேர்பவை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்கு முன் எவராலும் முடிவு செய்ய இயலாதவற்றை நினைத்துத்தான் இந்தப் பெண்கள் உறக்கம் கெடுகிறார்கள். இப்போதே சரிபார்த்துவிடக் கூடிய ஒன்றோ பெரும்பாலான வீடுகளில் கவனிக்கப்படாமலே போய்விடுகிறது.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். நட்சத்திரப்படி முதல் எழுத்து பார்க்கும் வழக்கத்தில், இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் பாதத்துக்கு ஒன்றாக நான்கு எழுத்துகள் என்று மொத்தம் 108 எழுத்தொலிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. அசுவினிக்குச் சு, சே, சோ, லா என்பார்கள். ஒரு நட்சத்திரம் ஏறத்தாழ ஒரு நாள் நிற்கும் என்றால், ஒரு பாதம் ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான். காலையில் பிறந்தால் ஓர் எழுத்து, மாலையில் பிறந்தால் வேறோர் எழுத்து என்று மாறக்கூடிய ஒன்றை, ஏழாம் மாதத்திலேயே தேடி எப்படிக் கண்டுபிடிப்பது? இதோடு, பிறக்கப் போவது ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அது மிக நியாயமான சட்டம். ஆகவே, எழுத்து தெரியாமல், பாலும் தெரியாமல், நோட்டில் இரண்டு பத்திகள் பிரித்துப் பெயர்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதில் மகிழ்ச்சி இருந்தால் தாராளமாக எழுதலாம். மாமியார் ஒரு பெயரும் தாயார் ஒரு பெயரும் சொல்லி அது மனத்தாங்கலாகிறது என்றால், நோட்டை மூடி வைப்பதே நல்லது.

சட்டம் இதில் அவசரப்படுத்தவில்லை. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்படி குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பெயரைப் பதிய வேண்டும் என்பதில்லை. பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டுச் சான்றிதழ் பெறலாம். பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம்; அதற்குப் பிறகும் பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். மருத்துவமனையில் படிவத்தோடு வந்து நிற்பவரிடம், தையல் வலியோடு படுத்திருக்கும் தாய் ஏதோ ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நேர்மாறாக, அவசரத்தில் பதிவேட்டில் ஏறிவிட்ட பெயரைப் பின்னர் விருப்பம்போல் மாற்றுவதுதான் கடினம். எழுத்துப் பிழையைத் திருத்த வழி உண்டு. வேறு பெயர் வேண்டுமென்றால் அரசிதழ் வரை போக நேரும்.

பெயரைத் தேர்ந்தெடுப்பதில் நான் தலையிடுவதில்லை. தாத்தா பெயரோ, குலதெய்வத்தின் பெயரோ, தூய தமிழ்ப் பெயரோ, ஷகரமும் ஹகரமும் நிறைந்த இன்றைய பெயரோ, அது அந்த வீட்டாரின் உரிமை. எனக்குக் கவலை எழுத்துக்கூட்டலில்தான். சேர்க்கைக் காலத்தில் என் மேசைக்கு வந்த தாள்கள் எப்படி இருந்தன என்று சொன்னால் புரியும். கயல்விழி என்று ஒரு குழந்தை. பிறப்புச் சான்றிதழின் தமிழ்ப் பகுதியில் பெயர் சரியாக இருந்தது. ஆங்கிலப் பகுதியில் ழகரத்துக்கு 'இசட், எச்' போட்டிருந்தார்கள். ஆதார் அட்டையில் அதே ழகரம் 'எல்' ஆகியிருந்தது. அந்த 'எல்'லைக் கணினி மறுபடியும் தமிழாக்கியபோது குழந்தை கயல்விலி ஆகிவிட்டாள். தடுப்பூசி அட்டையிலோ எண்கணிதம் பார்த்து ஓர் 'ஏ' கூடுதலாகச் சேர்க்கப்பட்ட இன்னொரு வடிவம். ஒரே குழந்தைக்கு மூன்று பெயர்கள்! இவற்றில் ஒன்று பள்ளியின் இணையப் பதிவில் ஏறி, அங்கிருந்து பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலுக்கும், அதிலிருந்து மதிப்பெண் சான்றிதழுக்கும் போகும். எண்கணிதத்தில் நம்பிக்கை உள்ளவர்களோடு நான் வாதிடப் போவதில்லை. எழுத்தைக் கூட்டுவதென்றால் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறும் அன்றே கூட்டிவிடுங்கள், மூன்றாம் வகுப்பில் கூட்டாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, எவரும் கவனிக்காமல் விடுவதாக நான் சொன்னதற்கு வருகிறேன். அது குழந்தையின் பெயரன்று. தாய் தந்தையரின் பெயர். தமிழ்நாட்டில் கருவுற்றதும் கிராம, நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பெறும் பிக்மி எண் இல்லாமல் குழந்தையின் பிறப்புப் பதிவு நடப்பதில்லை. அந்தப் பதிவில் தாயின் பெயர் எப்படி எழுதப்பட்டதோ அப்படியே பெரும்பாலும் மருத்துவமனைப் படிவத்துக்கும் சான்றிதழுக்கும் போகிறது. வீட்டில் அழைக்கும் பெயரைச் சொல்லிப் பதிந்துகொண்ட பெண்கள் இருக்கிறார்கள். கணவரின் பெயரை முன்னெழுத்து விட்டுப் பதிந்தவர்கள் இருக்கிறார்கள். எனவே, கருவுற்றிருக்கும் இந்த மாதங்களில் செய்யத்தக்க உருப்படியான வேலை ஒன்று உண்டென்றால், அது உங்கள் ஆதார் அட்டையையும் கணவரின் அட்டையையும் எடுத்துச் சென்று, செவிலியரின் பதிவில் இருவர் பெயரும் அதே எழுத்துகளில் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான். கால் மணி நேர வேலை. குழந்தைக்கு முன்னெழுத்து தந்தையினுடையதா, தாயினுடையதா, இருவருடையதுமா என்பதையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளலாம். கடவுச்சீட்டில் முன்னெழுத்தைச் சுருக்கமாக எழுத இயலாது, விரித்தே எழுத வேண்டும் என்பதை வெளிநாட்டுக் கனவு உள்ள குடும்பத்தார் நினைவில் கொள்க.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அந்த நாளிலோ அதன் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசுப் பணி வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். வலக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக் காதைத் தொட்டுக் காட்டினால் ஒன்றாம் வகுப்பு என்றிருந்த காலம் ஒன்று உண்டு. தேதி தெரியாத பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியரே மே, ஜூன் மாதங்களில் ஒரு நாளைப் பார்த்து எழுதிவிடுவார். நம் ஊர்ப் பெரியவர்களில் எத்தனையோ பேருக்குப் பிறந்தநாள் கோடை விடுமுறையை ஒட்டி வருவது அதனால்தான். அந்தச் சலுகைக்கு இனி இடமில்லை.

ஆகவே இரண்டாவது கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31 அன்று ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும், எல்.கே.ஜி.க்கு மூன்று வயது. 2026 ஜூலை 31 அன்று பிறக்கும் குழந்தை 2031 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகலாம். மறுநாள் ஆகஸ்ட் 1 அன்று பிறக்கும் குழந்தை 2032 ஜூனில்தான் போகும். ஒரு நாளுக்கு ஓர் ஆண்டு! கேட்பவர்களுக்கு நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் கணக்கை முழுவதும் போட்டுப் பாருங்கள். ஜூலை 31-இல் பிறந்த அந்தக் குழந்தை ஜூன் மாதம் வகுப்பில் உட்காரும்போது அதற்கு ஐந்து வயது நிறைந்திருக்காது. நான்கு வயதும் பத்து மாதமுந்தான். அதே குழந்தையைக் கேந்திரிய வித்யாலயாவில் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி அங்கே 2022 முதல் மார்ச் 31 அன்று ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அதை எதிர்த்த பெற்றோர் உச்ச நீதிமன்றம் வரை போயும் பயனில்லை. அந்தக் கணக்கில் அக்குழந்தை ஒன்றாம் வகுப்பில் காலடி வைப்பது 2033 ஏப்ரலில். ஒரே ஊரில், ஒரே நாளில் பிறந்த இரு பிள்ளைகள் சேரும் பள்ளியைப் பொறுத்து ஏறத்தாழ இரண்டு ஆண்டு இடைவெளியில் ஒன்றாம் வகுப்புத் தொடங்கலாம் என்னும்போது, ஆகஸ்டில் பிறந்ததால் ஓர் ஆண்டு வீண் என்று சொல்வதற்கு என்ன பொருள் இருக்கிறது?

இந்தக் கணக்கைப் பிரசவ தேதியின் மீதே ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுதான் என்னை உண்மையில் வருத்துவது. தமிழ்நாட்டில் நிகழும் பிரசவங்களில் அறுவைச் சிகிச்சை மூலம் நடப்பவை 44.9 விழுக்காடு என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தனியார் மருத்துவமனைகளில் இது இன்னும் அதிகம். இவற்றில் பெரும்பகுதி மருத்துவக் காரணங்களுக்காகவே நடக்கலாம். ஆனால் நல்ல நட்சத்திரம் பார்த்து நேரம் குறிப்பதைப் போல, ஜூலை முடிவதற்குள் எடுத்துவிடுங்கள் என்று கேட்கும் குடும்பங்களும் முளைத்துவிட்டன. மருத்துவக் காரணம் ஏதுமின்றி 39 வாரம் நிறைவதற்கு முன் அறுவைச் சிகிச்சை செய்து எடுக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடுதல் என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள். ஓராண்டு முன்னதாக வகுப்பில் உட்கார வைப்பதற்காக அந்த ஆபத்தை வாங்குவதை எந்த ஆசிரியரும் ஆதரிக்க மாட்டார்.

வகுப்பிலேயே இளைய பிள்ளையாக இருப்பது அப்படியொன்றும் பேறுமல்ல. ஐந்து வயதில் பதினொரு மாத வேறுபாடு என்பது வாழ்ந்த காலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மூத்த பிள்ளை பென்சிலை மூன்று விரலால் பிடித்துக் கோடு போடும் வேளையில், இளையது அதைக் கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து மந்தம் என்று முடிவுகட்டும் ஆசிரியர்களும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வொன்று, வகுப்பில் கடைசி மாதத்தில் பிறந்த சிறுவர்களுக்குக் கவனக்குறைவு நோய் என்று முத்திரை விழும் வாய்ப்பு, முதல் மாதத்தில் பிறந்தவர்களைவிட 30 விழுக்காடு அதிகம் என்று கண்டது. வயதுக்குரிய சுட்டித்தனமே நோயாகத் தெரிந்திருக்கிறது.

மருத்துவப் படிப்பு தள்ளிப்போகுமே என்பார்கள். நீட் தேர்வுக்கு அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஜூலை 31-இல் பிறந்து மிக முன்னதாகச் சேர்ந்த பிள்ளை அந்த வயதைச் சரியாகத் தொடும். அதற்கும் முன்னே, விஜயதசமி நாளில் இரண்டரை வயதிலேயே கொண்டுபோய் உட்கார வைத்து வகுப்பேற்றிய பிள்ளைகள்தாம் கடைசியில் ஓராண்டு காத்திருக்க நேர்கிறது.

ஜூன், ஜூலை மாதங்களில் பிரசவத்தை எதிர்நோக்கும் தாய்மாருக்கு ஒரு செய்தி. ஐந்து வயது நிறைந்தால் சேர்க்கலாம் என்பதுதான் நம் மாநில நடைமுறை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பேசுவதோ ஆறு முதல் பதினான்கு வயதுவரை. நடுவில் இருக்கும் அந்த ஓராண்டை அங்கன்வாடியிலோ யு.கே.ஜி.யிலோ கழிக்கலாம். அதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். 2031 ஏப்ரலில் பிள்ளையைப் பாருங்கள். சாப்பாட்டு டப்பாவைத் தானே திறக்கிறாளா, சிறுநீர் வருகிறது என்று புதிய ஒருவரிடம் கூச்சமின்றிச் சொல்கிறாளா, கதை ஒன்று முடியும்வரை ஓரிடத்தில் உட்காருகிறாளா என்று பாருங்கள். சொல்கிறாள், உட்காருகிறாள் என்றால் ஜூனில் அழைத்துச் செல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த ஜூனில் அழைத்துச் செல்லுங்கள். பிறப்புச் சான்றிதழின் நகல்கள் இரண்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.