ஐப்பசியில் புளி தட்டியவள்

(ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஆயிரம் வேலை கிடக்கும். அதை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், நன்றி.

நூலகர் அக்கா என்னைப் பேசக் கூப்பிட்டபோது முதலில் தயங்கினேன். எனக்கு இன்னும் ஒரு புத்தகம்கூட வரவில்லை. சிறுபத்திரிகைகளில் மூன்று கதைகள் வந்திருக்கின்றன. வீட்டு பீரோவில் எட்டுக் கதைகள் இருக்கின்றன. அவ்வளவுதான். "புத்தகம் போட்டவங்க நிறையப் பேர் வந்து பேசிட்டாங்கம்மா. போடணும்னு நினைக்கிறவங்க தினமும் என்ன பண்றாங்கன்னு யாரும் வந்து சொன்னதில்லையே" என்றார் அக்கா. அதைக் கேட்டதும் எனக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது என்று தோன்றியது.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. வேலை, அதாவது கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைக்கிற வேலை பார்க்கிறேன். பதினோரு வருஷமாகிறது. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ். எங்கள் ஊர்ப்பக்கம் காலண்டர் தொழில் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அன்றைக்கு ஆரம்பிக்கிற ஓட்டம் மார்கழி வரைக்கும் நிற்காது. ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் என்று 365 தாளுக்கும் சரிபார்க்க வேண்டும். ஒரு தேதியில் ஒரு நட்சத்திரம் மாறிவிட்டால் யாரோ ஒரு வீட்டில் முகூர்த்தம் மாறிவிடும். அந்த ஐந்து மாதமும் நான் ஒரு வரிகூட எழுத மாட்டேன். என் எழுத்து வருஷம் தை முதல் ஆனி வரைதான்.

புத்தக உலகத்தின் வருஷமோ வேறு மாதிரி. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சிதான் இன்றைக்கும் தமிழ்ப் பதிப்புத் தொழிலின் பொங்கல். ஜனவரியில் அது நடக்கிறது. அதற்கு முந்தைய மூன்று மாதங்களில்தான் கைப்பிரதிகள் புத்தகங்களாகின்றன. அவர்கள் அங்கே அட்டைப்படம் முடிவு செய்துகொண்டிருக்கும்போது நான் இங்கே கார்த்திகை மாதத்து அமாவாசையைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். பல வருஷம் இதை நினைத்து வருத்தப்பட்டிருக்கிறேன். இப்போது வருத்தமில்லை. ஆனியில் பீரோவுக்குள் வைத்த கதையைத் தை பிறந்ததும் எடுத்துப் படித்தால் அது வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது. தப்பு பளிச்சென்று தெரிகிறது.

எழுதுவதற்கு எனக்குச் சில பழக்கங்கள் உண்டு. நோட்டில் எழுத வராது. மெஷினில் கலர் சரிபார்ப்பதற்காக முதலில் ஓட்டித் தள்ளுவார்களே, அந்தக் காலண்டர் தாள்களைக் கேட்டு வாங்கி வருவேன். முன்பக்கம் மகாலட்சுமியோ மீனாட்சியோ பாதிக் கலரில் இருப்பார்கள். பின்பக்கம் வெள்ளை. ஒரு தாளுக்கு ஒரு காட்சி. தாளுக்கு மேல் போனால் அந்தக் காட்சியில் ஏதோ வேண்டாதது இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். பிறகு எல்லாத் தாளையும் தரையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பேன்.

இன்னொன்று, பெயர் நோட்டு. எங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வேலையும் வரும், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸும் வரும். அதில் வருகிற பெயர்களை எழுதி வைத்துக்கொள்வேன். முழுப் பெயரும் ஊரும் எழுத மாட்டேன், பெயர் மட்டும். சீனியம்மாள், பேச்சிமுத்து, குருவம்மாள், வெள்ளைச்சாமி. ஒரே பத்திரிகையில் தாத்தா பெயர் மாடசாமி, அப்பா பெயர் ராஜேந்திரன், மாப்பிள்ளை பெயர் தர்ஷன் என்று இருக்கும். மூன்று தலைமுறை எப்படி மாறியது என்று ஒரு நாவலே அந்த மூன்று வரியில் இருக்கிறது. பெயர் சரியாக அமையாத வரைக்கும் என் கதையில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒரு கதையில் ஒரு பாட்டிக்கு நான்கு மாதம் பெயர் கிடைக்கவில்லை. ஒரு அஞ்சலி நோட்டீஸில் 'பூரணத்தம்மாள்' என்று பார்த்த அன்றைக்கு ராத்திரியே அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

இதெல்லாம் என்னோடு போகட்டும். உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைத்து வந்தது வேறு ஒன்று.

மற்றவர்கள் எழுதிய புத்தகங்களையும் நான் தட்டச்சு செய்கிறேன். கவிதைத் தொகுப்பு, குலதெய்வ வரலாறு, ஓய்வுபெற்ற ஆசிரியரின் தன்வரலாறு, எல்லாம் வரும். பழைய பாமினி எழுத்துருவில் இருப்பதை, எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடுக்கு மாற்றிக் கொடுப்பதும் உண்டு. (அதில் ஔவைப் பாட்டி படும் பாட்டைச் சொல்ல வேண்டும். ஔ என்ற ஓர் எழுத்தை அடிக்காமல் ஒ-வையும் ள-வையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்துவிடுவார்கள். பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது. ஆனால் கணினியில் ஔவை என்று தேடினால் அந்தப் புத்தகத்தில் அவர் கிடைக்க மாட்டார். நான் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்துத் திருத்துவேன்.) இப்படி அடிக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தேன். சில வரிகளில் என் கண் தாளைப் பார்ப்பதற்கு முன்பே விரல் அடித்துவிடும். 'அவள் கண்கள்' என்று இருந்தால் 'குளமாயின' என்று விரல் போய்விடும். திரும்பிப் பார்த்தால் தாளிலும் அதேதான் இருக்கும். 'இடி விழுந்தது' என்றால் அதற்கு முன் 'தலையில்' என்று தானாக வந்துவிடும். வேறு சில வரிகளில் விரல் நிற்கும். அடுத்த சொல் என்ன என்று தாளைப் பார்த்தே ஆக வேண்டும். அந்த வரிகளை எழுதியவர் எதையோ நேரில் பார்த்திருக்கிறார் என்று புரியும்.

இதை என் கதைக்கும் செய்து பார்க்க ஆசை வந்தது. என் கதையை நானே அடித்தால் தெரியாது. அதனால் பக்கத்து சிஸ்டத்தில் வேலை பார்க்கிற பெண்ணிடம் கொடுத்தேன். "பார்க்காம அடிச்ச இடத்துல எல்லாம் பென்சில்ல கோடு போட்டுடு" என்றேன். சாப்பாட்டு இடைவேளையில் நான்கு நாள் உட்கார்ந்து அடித்துக் கொடுத்தாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க, முதல் பக்கத்துல கொஞ்சம் கோடு அதிகமாயிடுச்சு" என்று தயங்கிக்கொண்டே நீட்டினாள். முதல் பக்கத்தில் மட்டும் பதினேழு கோடு. கடைசி இரண்டு பக்கத்தில் மூன்றே மூன்று. அந்த முதல் பக்கத்தை அப்படியே எடுத்துவிட்டேன். கதை இரண்டாம் பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்திருந்தது.

அதே கதையை ஆச்சிக்கும் படித்துக் காட்டினேன். என் அம்மாவைப் பெற்ற ஆச்சி. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். எழுதப் படிக்கத் தெரியாது. நான் வாசலில் உட்கார்ந்து படிக்க, ஆச்சி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்பார். கதையில் ஒரு மருமகள் வீட்டைவிட்டுப் போகிற நாள். ஐப்பசி மாதம், மழை தூறிக்கொண்டிருக்கிறது, மாமியார் திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருக்கிறாள் என்று எழுதியிருந்தேன். மழை, திண்ணை, பேசாமல் புளி தட்டும் மாமியார். எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி அது. அந்த இடம் வந்ததும் ஆச்சி கீரை உருவுவதை நிறுத்திவிட்டார்.

"ஏட்டி, ஐப்பசியில எவ புளி தட்டுவா?"

நான் முழித்தேன்.

"மாசி பங்குனியில உலுக்கி, வெயில்ல காயப்போட்டு, ஓடு உடைச்சு, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, சித்திரைக்குள்ள பானையில அடைச்சிருவோம். ஐப்பசி ஈரத்துல புளியத் தொட்டா நசநசன்னுல்ல இருக்கும்."

அத்தோடு விடவில்லை. "வெயில் காலத்துலதான் அவ போயிருப்பா. புளி தட்டையில ஊர்ப் பொம்பளைக நாலு பேரு கூட இருந்திருப்பாளுக. அத்தன பேரு பார்க்கத்தான் அவ போயிருப்பா" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் அந்த மருமகளை மழையில் தனியாக அனுப்பியிருந்தேன். ஆச்சி அவளைப் பங்குனி வெயிலில், நாலு பெண்கள் கையில் புளியோடு நிமிர்ந்து பார்க்க, நடு முற்றம் வழியாக நடக்க வைத்துவிட்டார். மாதம் ஒன்றை மாற்றியதில் கதையே வேறாகிவிட்டது. அந்த நாலு பெண்களும் இப்போது கதையில் இருக்கிறார்கள். அதில் ஒருத்தி கையிலிருந்த கொட்டையைக் கீழே போடாமல் வாயில் போட்டுக்கொள்கிறாள். அதுவும் ஆச்சி சொன்னதுதான்.

போன வருஷம் எட்டுக் கதைகளையும் தொகுப்பாக்கி ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம். ஒரே வாரத்தில் பதில் வந்தது. கதைகள் பிரமாதம், உடனே போடலாம், இவ்வளவு தொகை கட்டுங்கள் என்றார்கள். எந்தக் கதை பிடித்தது என்று கேட்டேன். எல்லாமே என்றார்கள். தொகுப்பில் ஓரிடத்தில், தாள் மாறி, ஒரு காட்சி இரண்டு தடவை வந்திருந்தது. அனுப்பிய பிறகுதான் நானே பார்த்தேன். அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரும் படிக்கவில்லை என்று அப்போது புரிந்தது. அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வரும் வரைக்கும் அழுதேன்.

அச்சு எனக்குத் தெரிந்த தொழில். டெமி என்கிற வழக்கமான புத்தக அளவில் 128 பக்கம் என்றால், பதினாறு பக்கத்துக்கு ஒரு ஃபாரமாக எட்டு ஃபாரம். ஒரு காலத்தில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்பார்கள். இன்றைக்கு டிஜிட்டலில் நூறு பிரதிகூட அடிக்கலாம். நானே லே-அவுட் செய்து, எங்கள் முதலாளியிடம் கேட்டால் என் புத்தகம் ஒரு வாரத்தில் கையில் இருக்கும். ஆகவே அச்சிடுவதற்காக நான் பதிப்பகத்தைத் தேடவில்லை. 'இந்த மூன்றாவது கதையைத் தூக்கிவிடு, ஐந்தாவதன் முடிவு பொய்' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றுதான் தேடுகிறேன். தமிழில் கதை எழுத வருகிறவர்களுக்கு இன்றைக்குப் பெரிய பஞ்சம் அந்த ஆளுக்குத்தான். அப்படிப் படித்துத் திருத்தித் தருகிற பதிப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். அவர்கள் மேசையில் கைப்பிரதிகள் குவிந்து கிடக்கின்றன. முறை வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும், நான் காத்திருக்கிறேன்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காசுக்காக எழுதவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். புத்தகம் 160 ரூபாய் என்று வையுங்கள். வழக்கமாகச் சொல்லும் பத்து சதவீத உரிமைத்தொகை என்றால் பிரதிக்கு 16 ரூபாய். 300 பிரதி அடித்து அத்தனையும் விற்றால் 4,800 ரூபாய். அந்த 4,800 ரூபாய் எனக்கு வேண்டும். ஆச்சிக்கு அதில் ஒரு நூல் சேலை எடுக்க வேண்டும், திருத்தியவருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும்.

இளம் எழுத்தாளர்களுக்கு ஆறுதல் சொல்லும்போது சி.சு. செல்லப்பாவைச் சொல்வார்கள். 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியவர். புத்தகக் கட்டுகளைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அவர் பட்ட கஷ்டத்தைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. அவர் மற்றவர்கள் எழுதியதை உட்கார்ந்து படித்தார். புதிதாக எழுத வந்தவர்களின் கவிதைகளைத் தேர்ந்தெடுத்துப் பத்திரிகையில் போட்டார், புத்தகமாகவும் போட்டார். சுமந்த கட்டில் பிறருடைய எழுத்தும் இருந்தது. அப்படிப்பட்ட ஒருவர் நம் ஊரில், நம் தெருவில் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

போன தையில் புத்தகக் காட்சிக்காகச் சென்னைக்குப் போனபோது எழும்பூரில் கன்னிமாரா நூலகத்துக்கும் போனேன். 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் புத்தகம் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியைப் பதிப்பாளர் தன் செலவில் அங்கே அனுப்ப வேண்டும். கல்கத்தா தேசிய நூலகம், மும்பை, டெல்லி, அப்புறம் கன்னிமாரா. நான்கு இடம். அலமாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு நாள் இங்கே என் புத்தகத்துக்கும் ஒரு விரல்கட்டை அகலம் இடம் இருக்கும். நான் போன பிறகு யாரோ ஒரு பெண் எடுத்துப் பிரிப்பாள். அவளிடம் ஐப்பசியில் புளி தட்டுகிறவளைக் கொடுத்துவிடக் கூடாது. அங்கே நின்றபோது எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அதனால்தான் இன்றைக்கு இங்கே வந்ததும் நூலகர் அக்காவிடம் ஒன்று கேட்டேன். இந்த நூலகம் நம் காசில் நடக்கிறது. சொத்து வரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி என்று சேர்த்துக் கட்டுகிறோம். 1948இல் வந்த நூலகச் சட்டம் நமக்குக் கொடுத்த இடம் இது. இந்த அறை ஞாயிறு சாயங்காலம் சும்மாதான் இருக்கிறது. கதை எழுதுகிறவர்கள் இங்கே வந்து ஒருவர் கதையை இன்னொருவர் சத்தமாகப் படிக்கலாமா என்று கேட்டேன். எழுதியவர் படிக்கக் கூடாது. எழுதியவர் குரலில் எல்லாத் தப்பும் மறைந்துவிடும். மற்றவர் படிக்கும்போது எங்கே தடுமாறுகிறார், எங்கே பார்க்காமலே அடுத்த சொல்லுக்குப் போகிறார் என்று எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அக்கா சரி என்று சொல்லிவிட்டார். மின்விசிறியைப் போட்டுவிடுகிறேன், டீ மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

கதை எழுதாதவர்களும் வாருங்கள், அவர்கள்தான் ரொம்ப முக்கியம். வயக்காடு தெரிந்தவர்கள், தறி தெரிந்தவர்கள், மில்லில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர்கள், பிரசவம் பார்த்தவர்கள் வந்து, எந்த மாதத்தில் எது நடக்கும் என்று எங்களுக்குச் சொல்லுங்கள். வீட்டில் ஆச்சி, தாத்தா இருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிவாருங்கள். நாற்காலி இருக்கிறது, படி ஏற வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு நான் என் ஆறாவது கதையைக் கொண்டுவருகிறேன். தீப்பெட்டி ஆபீசில் நடக்கிற கதை. நான் தீப்பெட்டி ஆபீசில் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை. இந்தக் கூட்டத்தில் செய்தவர்கள் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு பிரதி எடுத்து வருகிறேன். பென்சில் நீங்கள் கொண்டுவாருங்கள்.