எழுதியவுடன் எரிக்கப்பட்ட கவிதை எப்படிப் பிழைத்தது?

ஒரு கவிஞர் துண்டுக் காகிதத்தில் கவிதை எழுதுகிறார், தோழியிடம் நீட்டுகிறார், தோழி படித்து முடித்ததும் வாங்கி அங்கேயே கொளுத்திவிடுகிறார். அந்தக் கவிதை இன்று நம் கையில் இருக்கிறது! எப்படி?

இடம் சோவியத் ரஷ்யாவின் லெனின்கிராடு நகரம், 1930களின் கடைசி. ஸ்டாலின் ஆட்சி, கைதுகள், அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்தக் கவிஞர் அன்னா அக்மதோவா. அவருடைய மகன் சிறையில். 17 மாதம் சிறை வாசல் வரிசைகளில் கால் கடுக்க நின்றார். வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண், "இதை உங்களால் எழுத முடியுமா?" என்று காதோடு கேட்டார். முடியும் என்றார். சரி, எழுதி எங்கே வைப்பது? வீட்டில் சோதனை போட்டு நாலு வரி கிடைத்தாலே போதுமே!

தோழி லிதியா சுகோவ்ஸ்கயா வீட்டுக்கு வருவார். பேச்சின் நடுவே அக்மதோவா சட்டென்று நிறுத்தி, கண்ணாலேயே கூரையையும் சுவரையும் காட்டுவார். சுவருக்கும் காது உண்டு என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம், அங்கே அது நிஜமான பயம். "டீ குடிக்கிறீர்களா?" என்று வாய் சத்தமாகக் கேட்கும், அதற்குள் கை கடகடவென்று எழுதிக்கொண்டிருக்கும். சுகோவ்ஸ்கயா மனப்பாடம் செய்துவிட்டுப் பேசாமல் திருப்பித் தருவார். "இந்த வருஷம் இலையுதிர் காலம் சீக்கிரமே வந்துவிட்டது" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே, அக்மதோவா தீக்குச்சியைக் கிழித்து ஆஷ்ட்ரே மேல் காகிதத்தைப் பிடிப்பார்.

எனக்கு அந்தத் தோழியை நினைத்தால்தான் மனசு நிறைகிறது. அவர் ஒரு சொல்லைத் தவறவிட்டால், எடுத்துப் பார்க்க வேறு பிரதி கிடையாது. அத்தனை கவனமாக நாம் கடைசியாக எதைப் படித்தோம்? இப்படிச் சில நண்பர்களின் நினைவிலேயே 'ரெக்வியம்' என்ற அந்தக் கவிதை இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தது. 1963இல் மியூனிக்கில் அச்சானது. சொந்த நாட்டில் வெளிவந்தது 1987இல், அவர் இறந்து 21 வருஷம் கழித்து.

ஒரு சுவடு மிஞ்சினாலும் எழுத்து பிழைத்துவிடும் என்பதை அதிகாரமும் புரிந்துதான் வைத்திருந்தது: 1961இல் நாவலாசிரியர் வாசிலி கிராஸ்மன் வீட்டுக்கு வந்த சோவியத் ரகசியப் போலீஸான கேஜிபி, அவரை விட்டுவிட்டு, நாவலின் கையெழுத்துப் பிரதியோடு கார்பன் தாளையும் டைப்ரைட்டர் ரிப்பனையும்கூட அள்ளிக்கொண்டு போனது.

வீடியோவை இங்கே நிறுத்திவிட்டு, பார்க்காமல் முழுசாகச் சொல்ல முடிகிற ஒரு கவிதையை, ஃபோனில் தேடாமல் கமெண்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் நான் படிப்பேன்.