எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசியது

சபையோருக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். வெகுகாலமாகச் சர்க்கரை நோய். நம்மவர் வீடுகளில் அதற்குப் பஞ்சமில்லை. ஆகவே ஆய்வாளர்கள் நம்மைத் தேடி வருகிறார்கள். வரட்டும், வரவேண்டியதுதான். அப்படி ஒரு பெண் ஒன்பது பக்கச் சம்மதப் படிவத்தோடு வந்தார். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. பெரியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார். "எங்கே போட வேண்டும்?"

"என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா, பெரியம்மா?" என்றேன்.

"போடாவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களே!"

அந்தப் பயத்தைப் பற்றித்தான் பேச வந்தேன். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலி வேலைக்காக 342 பேரைக் கொண்டுவந்து இந்த ஊரில் இறக்கியது. ஒப்பந்தத் தாள் அப்போதும் இருந்தது. கரும்புத் தோட்டத்தில் அதற்கு என்ன மதிப்பு இருந்தது என்பது உங்கள் வீட்டுக் கதைகளிலேயே இருக்கிறது.

இன்று நிலைமை வேறு. சம்மதமில்லாமல் யார்மீதும் மருத்துவ, அறிவியல் சோதனை கூடாது என்று நம் 1996 அரசியலமைப்பின் 12ஆம் பிரிவே சொல்கிறது. ஆய்வின் நோக்கத்தையும் உடலுக்கு வரக்கூடிய நன்மை தீமைகளையும் விளக்கிய பிறகே எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டு சுகாதாரச் சட்டம். முடியாது என்று சொன்னாலும், பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது.

தமிழில் அச்சடித்துக் கொடுத்துவிட்டால் போதும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. இங்கே தமிழ் பேசும் மூத்தவர்கள் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிறகு, கேட்டவரைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும்.

இந்த நாட்டின் தொல்குடிகளான சான் மக்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். தங்கள் மரபணுவை வைத்து நடந்த ஆய்வுகளில் மனம் புண்பட்டு, 2017இல் ஆய்வாளர்களுக்குத் தாங்களே விதி எழுதினார்கள்: மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை. எங்களுக்குப் புரியும் மொழியில் பேசுங்கள், முடிவை எங்களிடம் திரும்பக் கொண்டுவாருங்கள் என்றார்கள். நம் சங்கங்களில் ஒன்றாவது இதைச் செய்திருக்கிறதா?

அந்தப் பெண் நல்லவர். மறுவாரமும் வந்து, உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகச் சொன்னார். ஏழாம் பக்கத்தில் பெரியம்மா நிறுத்தினார். "மிச்ச ரத்தத்தை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்?" பதினைந்து என்றார் அவர். சோதனைக்குச் சரி, சேமித்து வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா கையெழுத்திட்டார். தமக்கென ஒரு பிரதியையும் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பிஸ்கட் டின்னில் வைத்து மூடினார்.