கண்மாய்க்குள் மந்தை
(காரைக்குடியில் நீர்நிலைகளைப் பற்றிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நீர்நிலையைக் காப்பது என்றதும், வேலி போட்டு ஆடுமாடுகளை வெளியேற்றுவதுதான் முதல் வேலை என்னும் எண்ணம் படித்தவர்களிடையே வேரூன்றிக் கிடக்கிறது. மந்தையை உள்ளே விடலாமா, கூடாதா என்று ஒரே சொல்லில் தீர்த்துவிடக்கூடிய காரியம் அல்ல இது. எந்தக் கால்நடை, எத்தனை, எந்தப் பருவத்தில், எத்தனை நாள் என்று, மடை திறக்கும் கணக்கைப் போல முறை வைத்து நடத்த வேண்டிய ஒன்று.

வேலி போட்டால் போதும் என்னும் எண்ணத்திற்கு நம் நாடு கொடுத்த விலை ஒன்று உண்டு. இராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா, ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புடைய, உலகறிந்த பறவைப் புகலிடம். அங்கே 1982ஆம் ஆண்டு நவம்பரில் மேய்ச்சல் முற்றாகத் தடுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்துவந்த சுற்றுவட்டாரத்து மக்கள் எதிர்த்தார்கள். காவல்துறை சுட்டதில் உயிர்கள் போயின. பறவைகளாவது பெருகினவா என்றால், அதுவும் இல்லை. எருமைகள் இல்லாத நீர்ப்பரப்பில் பாஸ்பலம் என்னும் புல் படர்ந்து அடர்ந்து, வாத்துகளும் நாரைகளும் இரை தேடுவதற்கான திறந்த நீர் சுருங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் அங்கே 1980களில் நடத்திய நீண்ட ஆய்வு, எருமை மேய்ச்சல் அந்த ஈரநிலத்திற்கு உதவியாகவே இருந்தது என்று முடிவுகட்டியது. பறவை ஆர்வலர்கள் விரும்பிய தடையைப் பற்றிப் பறவை ஆய்வாளர்களே இவ்வாறு எழுதிய நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த முடிவு வெளிவரும் முன்பே போன உயிர்கள் போனவைதாம்.

மேய்ச்சல் எப்படி உதவுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மாடு நாக்கால் சுழற்றிப் பறித்து மேய்வதால் புல் ஒரே மட்டமாக இராமல் ஓரிடத்தில் குட்டையாகவும் ஓரிடத்தில் நெட்டையாகவும் நிற்கிறது; குட்டைப்புல்லில் ஆள்காட்டிப் பறவை நடமாடும், நெட்டைப்புல்லில் வேறு உயிர்கள் ஒதுங்கும். செம்மறியோ நிலத்தை ஒட்டக் கறித்துவிடும். எருமை நீருக்குள்ளேயே இறங்கி மேயும். ஒடிசாவின் சிலிகா ஏரியில், அந்த ஏரியின் பெயரையே கொண்ட எருமையினம், மாலையில் நீரில் இறங்கி இரவெல்லாம் மேய்ந்து காலையில் கரையேறுகிறது. சேற்றில் பதிந்த குளம்படிகளில் நீர் தேங்கிப் பூச்சி பிடிக்கிறது, அதை உள்ளான்கள் கொத்துகின்றன. சாணத்தில் வண்டு பெருகுகிறது. மாட்டின் காலடியில் உண்ணிக்கொக்கு ஏன் நடக்கிறது என்று இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தின் ஊஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் என்னும் ஈரநிலக் காப்பகம் சான்று. 1980களில் ஹெக் மாடுகளையும் கோனிக் குதிரைகளையும், பின்னர்ச் செம்மான்களையும் விட்டுப் புல்வெளியைத் திறந்துவைத்தார்கள். வேலிக்குள் அவை பெருகின, வெளியேற வழியில்லை. 2017-18 குளிர்காலத்தில் 3000க்கும் மேற்பட்ட விலங்குகள் மாண்டன. அவற்றுள் பெரும்பாலானவை பட்டினியில் துடிக்காதிருக்கச் சுடப்பட்டவை.

இனி நம் சீமைக்கு வருவோம். செட்டிநாட்டில் குடிநீர் ஊருணிக்குள் மாடு இறங்கக் கூடாது என்பது பழைய வழக்கம். அதில் நான் கை வைக்கச் சொல்லவில்லை. பேச்சு கண்மாயைப் பற்றியது. நீர் வற்ற வற்ற உள்வாயில் முளைக்கும் புல்லையும் கோரையையும் மந்தை மேய்ந்து தீர்ப்பது, அடுத்த மழைக்கு நீர்ப்பரப்பைத் திறந்துவைக்கும் வேலை. ஆயினும் இரண்டு இடையூறுகளை மறைக்க இயலாது. நெய்வேலிக் காட்டாமணக்கை எந்தக் கால்நடையும் விரும்பித் தொடாது, அது நச்சு. சுற்றியுள்ள புல்லை மட்டும் மேயவிட்டால் அதற்கு இடம் விட்டுக்கொடுத்ததாகவே முடியும், ஆகையால் அதை ஆள் வைத்தே களைய வேண்டும். சீமைக் கருவேலம் இன்னும் வில்லங்கமானது. அதன் இனிப்பான நெற்றை ஆடுமாடுகள் ஆசையாகத் தின்கின்றன. விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து முளைக்கிறது. நெற்று உதிரும் காலத்தில் கருவேலங்காட்டில் மேய்ந்த மந்தையை நேரே கண்மாய்க்குள் ஓட்டிவருவது, விதைப்பதற்குச் சமம்.

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் அவை. அங்கே பறவைகள் கூடு கட்டுவது கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில். ஆகவே இளமரக்கன்றுகள் தலைதூக்கும் வரை வெள்ளாட்டை விலக்கியே வைக்க வேண்டும். மாட்டுக்கு அவ்வளவு கண்டிப்புத் தேவையில்லை என்பது என் கருத்து.

இந்தக் கணக்கையெல்லாம் யார் வைப்பது? அறுத்த வயலில் எத்தனை ஆட்டை எத்தனை இரவு கிடை போட்டால் நிலம் தாங்கும் என்று ஆட்டுமந்தையை நடத்தும் கீதாரிக்குத் தெரியும். புலிக்குளம் மாடுகளைக் கிடைமாடாக ஓட்டிச் செல்வோர்க்கும் அது கைவந்த கணக்கு. கண்மாய்த் திட்டம் எழுதும் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி போடுவதில்லை. அடுத்த கூட்டத்திற்கு அவர்களை அழைத்து, கண்மாய்வாரியாக மந்தை இறங்கும் மாதத்தையும் வெளியேறும் மாதத்தையும் முடிவு செய்யலாம். கூடவே ஒன்று: ஐவர்மெக்டின் போன்ற குடற்புழு மருந்து கொடுத்த கால்நடையின் சாணத்தில் வண்டின் புழுக்கள் பிழைப்பதில்லை. மருந்து கொடுத்த பின் சில வாரங்கள் மந்தையைக் கண்மாய்க்கு வெளியே நிறுத்திவைப்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.