பீஃப் பாஸ்தா ஸ்டூ: பாஸ்தாவை எப்ப போடணும்?

வணக்கம் மக்களே! எங்க பாத்தாலும் "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மூடி வைங்க"ன்னு ஒரு ஸ்டூ வீடியோ சுத்துது. பாக்கப் பாக்கப் பத்திக்கிட்டு வருது எனக்கு. கறி வேக 2 மணி நேரம், பாஸ்தாவுக்கு 10 நிமிஷம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டா கூழ்தான் வரும்!

இன்னிக்கு 750 கிராம் தோள்பட்டைக் கறி. ஜவ்வு ஓடியிருக்கிற கறியாத்தான் வாங்கணும், நம்ம சேனல்ல இது தெரிஞ்ச விஷயம். அந்த ஜவ்வு கரைஞ்சாத்தான் சாறுக்குக் கனம் வரும். கொழுப்பே இல்லாத கறி இதுக்கு வேண்டவே வேண்டாம், சக்கை மாதிரி ஆயிடும்.

துண்டு 4 சென்டிமீட்டர். நல்லாக் காஞ்ச எண்ணெயில ரெண்டு மூணு ஈடாப் போட்டு வறுங்க. மொத்தமாக் கொட்டினா தண்ணி விட்டு வெளுத்துப் போய் அவியும், செவக்காது. ஆங், சொல்ல விட்டுட்டேன்: வறுக்கறதுக்கு முன்னாடி கறியை ஒத்தி ஈரத்தை எடுத்துடணும். இதை விட்டா வறுத்ததே வீண்.

கறியை எடுத்துட்டு அதே சட்டியில வெங்காயம் 2, பூண்டு 5 பல், தக்காளி பேஸ்ட் 2 டேபிள்ஸ்பூன். பேஸ்ட் செங்கல் நிறம் வர்ற வரைக்கும் வதக்குங்க, அப்பதான் பச்சைப் புளிப்பு போகும். 1¼ லிட்டர் ஸ்டாக் (எலும்பு, காய்கறி வேக வச்சு வடிச்ச தண்ணி) ஊத்தி, அடியில ஒட்டினதை நல்லாச் சுரண்டி விடுங்க. ருசியே அதுலதான் இருக்கு! கறியைத் திரும்பப் போட்டு மூடி, அங்கொண்ணு இங்கொண்ணா குமிழி வர்ற தீயில 2 மணி நேரம். தளதளன்னு கொதிச்சா நார் இறுகிடும். ஒன்றரை மணி நேரத்துல கறி ரப்பரா இருந்தா பயப்படாதீங்க, ஜவ்வு இன்னும் கரையல, அவ்வளவுதான். முள்கரண்டியைக் குத்தித் திருப்பினா நார் தானாப் பிரியணும், அதான் கணக்கு. கேரட் கடைசி 40 நிமிஷத்துல. உப்பு முடிவுல பாத்துப் போடுங்க, சாறு வத்த வத்தக் கரிப்பு ஏறும்.

இப்ப பாஸ்தா. 100 கிராம் காஞ்ச பாஸ்தா வெந்ததும் 200 கிராமுக்கு மேல நிக்கும். அந்தத் தண்ணி எங்கேருந்து வருது? உங்க சாறுலேருந்துதான்! வெந்தப்புறமும் அது குடிச்சுக்கிட்டேதான் இருக்கும். ராத்திரி ஸ்டூவா இருந்தது காலையில கிளறின சாதம் மாதிரி நிக்கறது இதனாலதான். அதனால 200 கிராம் குட்டை பாஸ்தாவை உப்புத் தண்ணியில தனியா வேக வைங்க, பாக்கெட்ல போட்டிருக்கிற நேரத்துக்கு 2 நிமிஷம் முன்னாடியே வடிச்சிடுங்க. அப்பவே சாப்பிடற அளவு ஸ்டூவை மட்டும் வேற சட்டிக்கு மாத்தி, அதுல பாஸ்தாவைப் போட்டு 2 நிமிஷம் கொதிக்க விடுங்க. மிச்ச ஸ்டூவுல ஒரு பாஸ்தா கூட விழக்கூடாது. நீளப் பாஸ்தா எனக்கு இதுல பிடிக்கவே பிடிக்காது, கரண்டியில நிக்காது.

அட, பாஸ்தா வடிச்ச தண்ணியைக் கொட்டிடாதீங்க! ஒரு கப் எடுத்து வைங்க. சாறு ரொம்ப இறுகிட்டா அதை ஊத்தித் தளர்த்தலாம், அதுல மாவுச்சத்து இருக்கிறதால சாறு நீர்த்துப் போகாது.