காலியாகிக்கொண்டே இருக்கும் நாற்காலி

தீர்ப்புச் சொல்லப்போகும் நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

‘நச்சுச் சூழல் நிலவும் புதிய வேலையில் பொறுத்திருப்பது அறிவுடைமையா, விலகுவது அறிவுடைமையா’ என்பது இன்றைய தலைப்பு. விலகுவதே என்னும் அணியில் இரண்டாவதாகப் பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்று தொடங்கியபோது அரங்கம் அதிர்ந்தது. நானும் கை தட்டினேன், பழமொழிக்காக. ஆனால் தலைப்பில் இருக்கும் ‘புதிய’ என்ற சொல்லை அவர் கடைசிவரை தொடவே இல்லை. 20 ஆண்டு பார்த்த வேலையை விடுவது வேறு வழக்கு; அதற்கு நான் வாதாட வரவில்லை. சேர்ந்து மூன்று நான்கு மாதமே ஆன வேலையைப் பற்றித்தான் பேசுகிறோம். அது புதியது என்பதாலேயே விலகுவது எளிது, விலகுவது மலிவு என்பதே என் கட்சி.

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள நிறுவனங்களில் 14 ஆண்டுகள் மனிதவளத் துறையில் பணியாற்றியவள் நான். ஆள் எடுக்கும்போது எதிரே உட்கார்ந்தவளும், அதே ஆள் விலகும்போது படிவத்தை நீட்டியவளும் நான்தான். ‘விலகுவதற்கான காரணம்’ என்ற கட்டத்தில் மேற்படிப்பு என்பார்கள், குடும்பச் சூழல் என்பார்கள், நல்ல வாய்ப்பு என்பார்கள். பேனாவை மூடி வைத்த பிறகுதான் உண்மை வெளியே வரும்; சிலருக்குக் கண்ணீரோடு வரும்.

எதிரணியின் அச்சம் ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். சற்றுக் கண்டிப்பான மேலாளர் வாய்த்தாலே ‘நச்சுச் சூழல்’ என்று பெயர் சூட்டிவிட்டுக் கிளம்புகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். வேலை கடினமாக இருப்பது நச்சு அன்று. முதல் மாதத்தில் சாப்பிடக் கூப்பிட ஆளில்லாமல் தனியே உட்கார்ந்திருப்பதும் நச்சு அன்று. எந்த ஊருக்குக் குடிபோனாலும் அது உண்டு. கண்டிப்பான மேலாளர் பிழையைத் திருத்துவார், மறுநாள் அதை மறந்துவிடுவார். நச்சான இடத்திலோ பிழை திருத்தப்படுவதில்லை. பத்துப் பேர் கூடியிருக்கும் நேரத்தில் எடுத்து வீசுவதற்காகச் சேர்த்து வைக்கப்படுகிறது. அதனால் அங்கே எவரும் சந்தேகம் கேட்பதில்லை, எவரும் தவற்றை ஒப்புக்கொள்வதும் இல்லை. இரண்டையும் பிரித்தறிய நான் கையாளும் வழி மிக எளியது. ‘இந்த நாற்காலியில் எனக்கு முன்னால் இருந்தவர் எத்தனை மாதம் இருந்தார், அவருக்கும் முன்னவர் எத்தனை மாதம் இருந்தார்’ என்று தேநீர்க் கடையில் பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். இரண்டு ஆண்டில் மூவர் என்று பதில் வந்தால், குறை உங்களிடம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இனி அந்தப் ‘புதிய’ என்ற சொல்லுக்கு வருகிறேன். வேலையில் சேர்ந்ததும் தகுதிகாண் பருவம் என்று ஒன்று தொடங்குகிறது. அது நிறுவனம் நம்மைச் சோதிக்கும் காலம் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். பெண் பார்க்க வந்தவர்கள் மட்டும்தான் பார்க்க வேண்டுமா? பெண்ணும் ஒருமுறை நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தால் என்ன? 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்தக் காப்பு 6 மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றியவருக்குத்தான் உண்டு. அதாவது, முதல் ஆறு மாதம் ‘நீ எனக்குச் சரிப்படவில்லை’ என்று முதலாளி சொல்வதைச் சட்டமே பெரிதாகத் தடுக்கவில்லை. அதே ஆறு மாதத்தில் ‘நீங்கள் எனக்குச் சரிப்படவில்லை’ என்று தொழிலாளி சொன்னால் மட்டும் அது அவசரபுத்தி ஆகிவிடுமா, நடுவர் அவர்களே?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பல மென்பொருள் நிறுவனங்களில் தகுதிகாண் பருவத்தில் விலகுவதற்கு 15 நாளோ ஒரு மாதமோ முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். பணி உறுதியான பிறகு அதுவே 60 நாள், 90 நாள் என்று நீள்கிறது. அடுத்த வேலை கொடுப்பவரோ ‘உடனே சேர முடியுமா’ என்றுதான் முதலில் கேட்கிறார். விலகும்போது நிறுவனம் மொத்தமாகத் தரும் பணிக்கொடை நிரந்தரப் பணியாளருக்குக் கிடைக்க 5 ஆண்டு தொடர்பணி வேண்டும். நான்காம் மாதத்தில் விலகுகிறவருக்கு அதில் இழப்பதற்கு ஒன்றுமே இல்லை. நான்காம் ஆண்டில் நிற்பவரைக் கேட்டுப் பாருங்கள், ‘இவ்வளவு பொறுத்தாயிற்று, இன்னும் ஒரு வருடம்தானே’ என்பார். எதிரணி பொறுமை என்று புகழ்வது பல நேரங்களில் இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்ட நிலையைத்தான்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி, ‘விலகுவது கோழைத்தனம், உள்ளே இருந்து போராட வேண்டும்’ என்றார். வீரமான பேச்சு. ஆனால் அடையாள அட்டையில் இன்னும் புகைப்படம்கூட ஒட்டப்படாத புதியவர் யாரைத் துணைக்கு அழைத்துப் போராடுவார்? உடனிருப்பவர்களுக்கு அவர் பெயரே சரியாகத் தெரியாது. நாள்தோறும் ஒருவரைச் சிறுமைப்படுத்துவதைத் தடுக்கவென்று தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. பாலியல் துன்புறுத்தலுக்கு இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும், நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டத்தை வாசித்துப் பார்த்தால் தெரியும், பாதிக்கப்பட்ட பெண் அங்கே வேலையில் இருந்தாக வேண்டும் என்று அது கேட்கவே இல்லை. ஆக, போராட விரும்புகிறவர்கள் வெளியே வந்தும் போராடலாம். அதே அறையில், அதே ஆளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டுதான் போராட வேண்டும் என்பது சட்டம் விதிக்காத தண்டனை.

‘இத்தனை ஆண்டு விலக மாட்டேன், விலகினால் பணம் தருவேன்’ என்று சேரும்போதே பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, என்ன செய்வது என்றும் கேட்டார்கள். 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், சேர்ந்து 3 ஆண்டு முடிவதற்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது உண்மை. எதிரணிக்கு அது சாதகம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தத் தீர்ப்பும் பணத்தைப் பற்றியதுதான். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், எழுதிய தொகையை உச்சவரம்பாக வைத்து, அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. ‘போய் அந்த நாற்காலியில் உட்கார்’ என்று எந்த நீதிமன்றமும் எவருக்கும் ஆணையிடாது. பத்திரம் என்பது ஒரு விலை. கொடுக்கத் தக்க விலையா என்று பார்க்கலாமே ஒழிய, அதைக் கால்விலங்காகக் கருத வேண்டியதில்லை.

உடல்நலத்தைப் பற்றி எதிரணியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி, நீண்ட வேலை நேரம் காரணமாக ஏற்பட்ட பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் 7,45,000 பேர் இறந்தார்கள். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு அதிகம். நச்சான இடங்களில் முதலில் களவு போவது நேரம்தான். மாலை ஏழு மணிக்கு மேல் எழுந்தால் ‘அரை நாள் விடுப்பா?’ என்று சிரிக்கும் இடங்களை இந்த அவையில் பலருக்குத் தெரியும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்ற தலைவர் எவ்வளவு பூமி என்று சொல்லவில்லை. அது ஆறடியாக இருந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

அடுத்து, வேலை வரலாறு கெட்டுவிடும் என்ற பூச்சாண்டி. ஆள் எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், தொடர்ந்து மூன்று இடங்களில் ஆறாறு மாதம் என்றால்தான் எங்கள் புருவம் உயரும். ஒரே ஓர் இடத்தில் குறுகிய காலம் இருந்து, ‘பேசிய வேலை வேறு, கொடுத்த வேலை வேறு, அதனால் விலகினேன்’ என்று நிதானமாகச் சொல்பவரை நாங்கள் நிராகரிப்பதில்லை. மறைக்க மட்டும் கூடாது. வருங்கால வைப்பு நிதிப் பதிவில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கும், சரிபார்க்கிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். சொல்லாமல் நின்றுவிடுவதும் தவறு. விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, ஒப்புதலை வாங்கி, பணிவிடுவிப்புச் சான்றைக் கையில் பெற்றுக்கொண்டு வர வேண்டும்.

வீட்டுக் கடன் தவணைக்கு என்ன பதில் என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியைச் சிரித்து மழுப்ப எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இது ஒன்றுதான் எதிரணி வைத்த உண்மையான கேள்வி. விலகுவதென்று முடிவெடுப்பதும் இந்த நிமிடமே எழுந்து போவதும் ஒன்றல்ல. கையில் மூன்று மாத வீட்டுச் செலவுக்குப் பணம் இல்லாதவர், நாள்காட்டியில் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு, அதுவரை உள்ளேயிருந்தே வேறு வேலை தேடட்டும். முடிவெடுத்தவர் அங்கே உட்கார்ந்திருக்கும் விதமே வேறாக இருக்கும்; கடுஞ்சொல் காதில் விழும், உள்ளே இறங்காது. ஆனால் பொய்யான தாளில் கையெழுத்துக் கேட்டாலோ, மேலே கை பட்டாலோ, தூக்கம் போய் உயிர்மேல் வெறுப்புத் தட்டத் தொடங்கினாலோ, அந்தத் தேதிக்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, என் கதை. ஒரு நிறுவனத்தில் சேர்ந்த பதினெட்டாம் நாள், நீக்கப்படவிருந்த ஒருவரின் கோப்பில் சேர்ப்பதற்காக, மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியிட்டு எச்சரிக்கைக் கடிதம் தயாரிக்கச் சொன்னார்கள். மறுத்தேன். அன்று முதல் கூட்டங்களுக்கு அழைப்பு வரவில்லை. கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி மட்டும் வந்தது. ‘சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகலையேம்மா’ என்றார் மாமனார். எதிரணியின் வாதம் எங்கள் வீட்டில் அப்போதே பேசப்பட்டுவிட்டது. நானும் பொறுத்தேன். நாலாம் மாதம் இரத்த அழுத்தம் 150ஐத் தாண்டியது. ஒருநாள் என் மகன் கேட்டான், ‘அம்மா, ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா மட்டும் ஏன் பேச மாட்டேங்கிற?’ மறுநாள் காலை விலகல் கடிதம் கொடுத்தேன். பதினோரு வாரம் சம்பளமில்லை. ஒரு ஜோடி வளையல் அடகுக் கடைக்குப் போய் வந்தது. அதை மறைக்கவில்லை.

நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு, எனக்குத் தெரிந்து நான்காவது முறையாக, போன வாரம் ஆள் தேடி விளம்பரம் வந்திருக்கிறது. இணைப்பு என் கைப்பேசியில் இருக்கிறது. பொறுமையின் பெருமையை இவ்வளவு அழகாகப் பேசிய எதிரணித் தலைவருக்கு இப்போதே அனுப்பத் தயாராக இருக்கிறேன். அவர் விண்ணப்பிக்கிறாரா என்று மட்டும் நடுவர் அவர்கள் கேட்டுச் சொல்ல வேண்டும். நன்றி, வணக்கம்.